மின்கம்பி எட்டாத டெலிகாம் சைட்டில் சிறு காற்றாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை உச்சி, தீவு, பாலை என்று மின்கம்பி போய்ச் சேராத இடங்களில் நிற்கும் டெலிகாம் சைட்டுகள் (மொபைல் டவர், ரேடியோ லிங்க் நிலையங்கள்) பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரையும் பேட்டரியையும் சோலார் பேனலையும் நம்பி ஓடுகின்றன. அவற்றோடு ஒரு சிறு காற்றாலையையும் சேர்க்கலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. திட்டம் போடுகிறவர்களும் சைட்டைப் பராமரிக்கிறவர்களும் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். யூனிட் என்று சொல்லும் இடத்திலெல்லாம் ஒரு கிலோவாட் மணி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறு காற்றாலைன்னா எவ்வளவு சிறுசு?

ஐஈசி 61400-2 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பு 200 சதுர மீட்டர் வரை இருந்தால் அது சிறு காற்றாலை. விட்டமாகச் சொன்னால் ஏறக்குறைய 16 மீட்டர். டெலிகாம் சைட்டுக்கு அவ்வளவு பெரியது தேவைப்படாது. 2 முதல் 5 மீட்டர் விட்டம் உள்ளவைதான் வழக்கம். மூன்று இறக்கைகள், நிரந்தரக் காந்தம் வைத்த ஆல்டர்னேட்டர், காற்றின் பக்கம் திருப்பிவிட ஒரு வால். கியர்பாக்ஸ் இருக்காது.

சோலார் இருக்கும்போது காற்றாலை எதுக்கு?

பல சைட்டுகளுக்குத் தேவையில்லை என்பதுதான் நேர்மையான பதில். சோலார் பேனலில் அசையும் பாகம் கிடையாது, பராமரிப்பு என்றால் தூசி துடைப்பதுதான். வருடம் முழுக்க வெயில் நன்றாக இருக்கும் இடத்தில், காற்றாலைக்குச் செலவழிப்பதை விடக் கூடுதலாகச் சில பேனல்கள் போடுவது நல்லது.

வெயில் குறையும் மாதங்களில் காற்று கூடும் இடங்களில்தான் காற்றாலைக்கு வேலை. மழை மாதங்களில் வாரக்கணக்கில் மேகம் மூடிக் காற்று மட்டும் வீசும் மலைகள், குளிர்காலத்தில் பகல் மிகச் சுருங்கிப்போகும் வட, தென் கோடிப் பகுதிகள், இரவிலும் காற்று நிற்காத கடற்கரைகள் இந்த வகை. இங்கே சோலாரை மட்டும் வைத்து மோசமான மாதத்தைத் தாண்ட வேண்டுமானால் பேனலையும் பேட்டரியையும் பல மடங்கு பெருக்க வேண்டும், அது மற்ற மாதங்களில் வீணாகக் கிடக்கும். அந்தப் பள்ளத்தை ஒரு நடுத்தரக் காற்றாலை நிரப்பிவிடும். ஆகவே முடிவெடுக்கும் முன் சோலாரின் மாதவாரிக் கணக்கையும் காற்றின் மாதவாரிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதத்தில் படுத்துவிடுகிறது என்றால் காற்றாலை உங்களைக் காப்பாற்றாது.

1 கிலோவாட் காற்றாலை வாங்கினா 1 கிலோவாட் லோடு ஓடுமா?

ஓடாது. பெயர்ப்பலகையில் இருக்கும் வாட் கணக்கு, காற்று விநாடிக்கு 11 அல்லது 12 மீட்டர் வேகத்தில் அடிக்கும்போது கிடைப்பது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் அது. அப்படிப்பட்ட காற்று நாள் முழுக்க வீசும் இடம் மிக அரிது.

காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். 12 மீட்டரில் 1,000 வாட் தருவது 6 மீட்டரில் 125 வாட் அளவுக்குத்தான் தரும். விநாடிக்கு 3 மீட்டரில் இறக்கை சுற்றத் தொடங்கிவிடும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பேட்டரிக்குப் போவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆகவே வாங்கும்போது வாட்டைக் கேட்காதீர்கள். இறக்கை விட்டத்தைக் கேளுங்கள், சராசரிக் காற்று விநாடிக்கு 5 மீட்டர் உள்ள இடத்தில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் தரும் என்று கேளுங்கள். சோதனைச் சான்று பெற்ற தயாரிப்புகளுக்கு இந்த எண் இருக்கும்.

அப்போ எங்க சைட்ல எவ்வளவு கிடைக்கும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

தோராயத்துக்கு ஒரு வழி உண்டு. விட்டத்தை மீட்டரில் எடுத்து வர்க்கம் செய்யுங்கள். ஆண்டுச் சராசரிக் காற்றின் வேகத்தை, விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, மும்மடி செய்யுங்கள். இரண்டையும் பெருக்கி 1.6-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று வரும். 3 மீட்டர் விட்டம், 5 மீட்டர் வேகம் என்றால் 9 × 125 × 1.6, அதாவது 1,800 யூனிட். நாளுக்கு ஏறக்குறைய 5 யூனிட், சராசரியாக 200 வாட். அதே காற்றாலை 4 மீட்டர் சராசரி உள்ள இடத்தில் நாளுக்கு இரண்டரை யூனிட்தான் தரும், 6 மீட்டர் உள்ள இடத்தில் எட்டரை யூனிட் தரும். ஒரே இயந்திரம், இடம் மட்டும் வேறு. இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: விளைச்சலைத் தீர்மானிப்பது இடம், இயந்திரத்தின் பிராண்ட் அடுத்ததுதான்.

எந்த இயந்திரமும் காற்றில் உள்ள ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. இது பெட்ஸ் வரம்பு. சிறு காற்றாலைகள் நல்ல நிலையில் 25 முதல் 35 சதவீதம் எடுக்கும். விட்டத்துக்குப் பொருந்தாத அளவுக்கு யூனிட் தருவதாக யாராவது சொன்னால் இந்த வரம்பை வைத்துச் சரிபாருங்கள்.

அடுத்து உங்கள் லோடைப் பாருங்கள். தொடர்ந்து ஓடும் ஒவ்வொரு 100 வாட்டும் நாளுக்கு 2.4 யூனிட் தின்னும். மேலே சொன்ன 3 மீட்டர் காற்றாலை தருவதில் அது பாதி. ஷெல்டரில் (கருவிகள் இருக்கும் சிறு அறையில்) ஏசியை எடுத்துவிட்டு வெளிக்காற்றை இழுக்கும் மின்விசிறி போட முடியுமா, பழைய ரேடியோவை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். குறைத்த வாட்டுக்குக் கம்பமும் வேண்டாம், கேபிளும் வேண்டாம்.

எங்க மலையில எப்பவும் காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. அளந்து வேற பார்க்கணுமா?

பார்க்க வேண்டும். பலமாக அடித்த நாள்தான் மனதில் நிற்கும், அசையாமல் இருந்த இரவுகள் நிற்காது. மும்மடிக் கணக்கில் ஒரு மீட்டர் வேகம் கூடக் குறைய இருந்தால் விளைச்சல் பாதியோ இரட்டிப்போ ஆகிவிடும். கண்ணும் காதும் அந்த அளவுக்குத் துல்லியம் கிடையாது.

டெலிகாம் சைட்டில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. மற்றவர்கள் அளப்பதற்கென்றே கம்பம் நட வேண்டும், உங்களிடம் டவர் ஏற்கனவே நிற்கிறது. காற்றாலை வரப்போகும் உயரத்தில் காற்றுமானி ஒன்றை, டவரிலிருந்து நன்றாக வெளியே நீட்டிய கம்பியில் பொருத்துங்கள். எதிர்ப் பக்கத்தில் இன்னொன்று இருந்தால் நல்லது, ஏனென்றால் டவரின் மறைவில் இருக்கும் மானி குறைத்துக் காட்டும். ஒரு வருடம் அளந்தால் நிம்மதி. அவ்வளவு நாள் இல்லையென்றால், அளந்த சில மாதங்களை அருகிலுள்ள வானிலை நிலையத்தின் நீண்ட காலப் பதிவோடு ஒப்பிட்டு மீதியைக் கணிக்கலாம். குளோபல் விண்ட் அட்லஸ் என்ற இலவச இணைய வரைபடம் 10, 50, 100 மீட்டர் உயரங்களில் சராசரியைக் காட்டும். எந்தச் சைட்டைப் பரிசீலிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று பிரிக்க அது போதும். இறுதி முடிவுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

டவர்தான் ஏற்கனவே நிக்குதே, அது மேலயே மாட்டிடலாமே?

எல்லோரும் கேட்பது இது. உயரம் இலவசமாகக் கிடைக்கிறதே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த டவர் ஆன்டெனாக்களின் எடைக்கும் அவற்றின் மேல் படும் காற்றழுத்தத்துக்கும் கணக்கிட்டுக் கட்டியது. 3 மீட்டர் காற்றாலை ஓடிக்கொண்டிருக்கும்போது, விநாடிக்கு 12 மீட்டர் காற்றில் பக்கவாட்டில் ஏறக்குறைய 50 கிலோ எடைக்குச் சமமான விசையில் தள்ளும். புயலில் இன்னும் கூடும். இது டவர் உச்சியில் விழும்போது அடித்தளத்தில் வரும் வளைவு விசை பெரிது. டவரை வடிவமைத்தவர் மறுபடி கணக்கிட்டு எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் ஒரு போல்ட் கூடப் போடக்கூடாது.

அடுத்தது அதிர்வு. காற்றாலை ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. மெதுவாகத் தொடங்கி முழு வேகம் வரை போகும் வழியில் ஏதோ ஒரு புள்ளியில் டவரின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போக வாய்ப்பு உண்டு. அப்போது டவர் ஆடும், போல்ட்டுகள் தளரும். அடுத்த டவரோடு பேசும் மைக்ரோவேவ் டிஷ் இருந்தால் இன்னும் மோசம். 15 கிகாஹெர்ட்ஸில் 1.2 மீட்டர் டிஷ்ஷின் கற்றை அகலம் ஏறக்குறைய 1.2 டிகிரிதான். டவர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலே சிக்னல் விழும்.

மூன்றாவது, ஆட்கள். ஆன்டெனா வேலைக்காக டவரில் ஏறுகிறவருக்குத் தலைக்கு மேல் சுழலும் இறக்கை பெரிய ஆபத்து. காற்றாலையில் ஒரு பேரிங் மாற்ற வேண்டுமென்றாலும் உயரத்தில் தொங்கியபடி செய்ய வேண்டும், அல்லது கிரேன் வேண்டும். வெகு தொலைவு சைட்டில் இரண்டுமே பெரும்பாடு. உச்சியை விட்டுவிட்டு டவரின் நடுவில் பக்கவாட்டில் மாட்டினால், பல திசைகளில் டவரே காற்றை மறைத்துச் சுழல் காற்றாக மாற்றி அனுப்பும். என் கருத்து தெளிவானது: தனிக் கம்பம் போடுங்கள். டவரில் மாட்டி நன்றாக ஓடும் சைட்டுகளும் உண்டு. அங்கே டவரையே அந்தச் சுமைக்குச் சேர்த்து வடிவமைத்திருப்பார்கள்.

ஷெல்டர் கூரை மேல ஒரு சின்னக் கம்பம் போட்டா?

வேண்டாம். கூரையை ஒட்டிய காற்று சிதறிச் சுழலும், ஷெல்டர் முழுக்க அதிர்வும் இரைச்சலும் இறங்கும். இங்கிலாந்தில் கட்டடங்களின் மேல் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை அளந்து 2009-இல் வெளியான வார்விக் ஆய்வில், அவை சராசரியாகத் தங்கள் பெயர்ப்பலகைத் திறனில் ஒரு சதவீதம் கூடத் தரவில்லை.

தனிக் கம்பம்னா எவ்வளவு உயரம், எங்க நடறது?

சுற்றி 150 மீட்டருக்குள் இருக்கும் மரம், கட்டடம் எல்லாவற்றையும் விட, இறக்கை தாழ்ந்து வரும் நுனி குறைந்தது 10 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மரம் வளரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சமவெளியில் 10 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்குப் போனால் வேகம் 17 சதவீதம் அளவுக்குக் கூடும், ஆற்றல் 60 சதவீதம் கூடும். மரமில்லாத மலை முகட்டில் இந்த லாபம் குறைவு, ஏனென்றால் முகடே காற்றைத் தரையருகில் வேகப்படுத்திவிடுகிறது. அங்கே சுமாரான உயரமே போதலாம்.

டெலிகாம் டவர் காற்றாலைக்குத் தடையாக வராதபடி, முக்கியக் காற்று வரும் திசையில் டவருக்கு முன்னால் நடுங்கள். ஸ்டே கம்பிகள் (கம்பத்தை எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடிப்பவை) கட்டிய, கீழே சாய்த்து இறக்கக்கூடிய கம்பமாக இருந்தால் பராமரிப்பு முழுவதையும் தரையில் நின்றே செய்யலாம். அதற்குக் கம்பத்தைக் கிடத்துமளவு வெற்றிடம் வேண்டும். வேலி போடும் முன் யோசிக்க வேண்டியது இது.

செங்குத்து அச்சு மாடல் எல்லாத் திசைக் காத்தையும் வாங்குமாமே?

திசை திரும்பத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அதே வீச்சுப் பரப்புக்குக் கிடைக்கும் மின்சாரம் பொதுவாகக் குறைவு, ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் மேல் விசை மாறி மாறி விழுவதால் களைப்பு முறிவும் சீக்கிரம் வரும். ஆள் போய்ச் சேரவே நாளாகும் சைட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காற்றாலை வந்ததும் டீசலை அறவே நிறுத்திடலாமா?

அந்த எண்ணத்தோடு தொடங்க வேண்டாம். காற்று நாட்கணக்கில் நிற்கும், சில இடங்களில் ஒரு வாரம் கூட. அதை முழுக்கத் தாண்டும் அளவுக்குப் பேட்டரி போட்டால் செலவு எகிறிவிடும். ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு அது ஓடும் மணி நேரத்தைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

சேமிப்பை லிட்டரில் மட்டும் பார்க்காதீர்கள். பல ஜெனரேட்டர்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். 24 மணி நேரமும் ஓடினால் பத்து நாளில் அது வந்துவிடும். பேட்டரி வைத்து நாளுக்கு 5 மணி நேரம் ஓட்டினால் 50 நாள் தாங்கும். காற்றாலையும் சோலாரும் சேர்ந்து அதை இரண்டு மணி நேரமாக்கினால் நான்கு மாதம். கரடுமுரடான பாதையில் ஆயிலும் டீசலும் ஏற்றிக்கொண்டு போகும் ஒவ்வொரு பயணத்தின் செலவும் இதில் சேரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜெனரேட்டர் ஓடும்போது நல்ல லோடில் ஓட வேண்டும். 30 சதவீதத்துக்கும் கீழே நெடுநேரம் ஓடினால் எரியாத எரிபொருள் புகைக்குழாயில் படிந்து எஞ்சின் கெடும். ஆகவே பேட்டரி இறங்கிய பிறகு ஓட்டி, முழு வேகத்தில் சார்ஜ் ஏற்றி, நிறுத்திவிடுங்கள்.

பேட்டரி நிரம்பிட்டா காற்றாலையைச் சும்மா கழட்டி விட்டா போதாதா?

கூடாது. சோலாருக்கும் காற்றாலைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். பேனலின் இணைப்பைத் துண்டித்தால் அது அப்படியே சும்மா இருக்கும். காற்றாலைக்கு லோடுதான் கடிவாளம். அதைத் துண்டித்தால் இறக்கைகள் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும், வோல்டேஜ் எகிறும், பலத்த காற்றில் இறக்கை பிய்ந்தும் போகலாம். பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சோலார் கன்ட்ரோலரில் காற்றாலையை இணைக்கக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

ஆகவே நிரம்பிய பிறகு வரும் மின்சாரத்தை எரித்துத் தீர்க்க டம்ப் லோடு வேண்டும். பெரிய ரெசிஸ்டர்களுக்கு மின்சாரத்தைத் திருப்பிவிடும் கன்ட்ரோலர் இதைச் செய்யும். காற்றாலையின் உச்ச உற்பத்தியை விடக் குறைந்தது கால் பங்கு கூடுதலாக ரெசிஸ்டர் திறன் இருக்கட்டும், ஏனென்றால் திடீர்க் காற்றில் பெயர்ப்பலகையைத் தாண்டியும் உற்பத்தி போகும். 48 வோல்ட் பேட்டரி நிரம்பும் நேரத்து 57 வோல்ட்டில் 1,500 வாட் எரிக்க 2.2 ஓம் அளவு வேண்டும். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், ஷெல்டருக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாமல் வையுங்கள். குளிர் நாடுகளில் அந்தச் சூட்டை வைத்துப் பேட்டரி அறையைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

சோலாரும் இருக்கு, டம்ப் லோடும் இருக்கு. செட்டிங் எப்படி வைக்கணும்?

நிரம்பும் நேரத்தில் முதலில் விலக வேண்டியது சோலார், ஏனென்றால் அதை நிறுத்தினால் எந்தக் கெடுதலும் இல்லை. டம்ப் லோடு தொடங்கும் வோல்டேஜை, சோலார் கன்ட்ரோலரின் வோல்டேஜை விடச் சற்று மேலே வையுங்கள். தலைகீழாக வைத்தால், காற்றே இல்லாத மதியத்தில் கூடச் சோலார் மின்சாரம் முழுக்க டம்ப் லோடில் எரிந்துகொண்டிருக்கும், பேட்டரியும் கடைசிவரை நிரம்பாது. ரெசிஸ்டர் ஏன் இவ்வளவு சூடு என்று யாராவது கேட்கும்போதுதான் இது வெளியே தெரியவரும்.

நம்ம சிஸ்டம் மைனஸ் 48 வோல்ட். அதுல ஏதாவது சிக்கல் வருமா?

வரும். கவனிக்காமல் விட்டால் முதல் நாளிலேயே வரும். டெலிகாமில் பாசிட்டிவ் பக்கம்தான் எர்த் செய்யப்படுகிறது, அதனால்தான் மறுமுனையை மைனஸ் 48 என்கிறோம். அந்தக் காலச் செம்புக் கம்பிகள் மின்னரிப்பில் கெடாமல் இருக்க வந்த வழக்கம் இது. 2 வோல்ட் லெட் ஆசிட் செல்கள் 24 சேர்ந்து 48 வோல்ட். ஆனால் சந்தையில் கிடைக்கும் காற்றாலைக் கன்ட்ரோலர்களில் பல, வீட்டு உபயோகத்துக்காக நெகட்டிவ் எர்த் என்று வைத்து வடிவமைத்தவை. சிலவற்றில் நெகட்டிவ் முனை உலோகப் பெட்டியோடு சேர்ந்திருக்கும். அதை எர்த் செய்த ரேக்கில் திருகினால் நேரடி ஷார்ட்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை: இரு முனைகளும் பெட்டியிலிருந்து தனித்திருக்கின்றனவா, உள்ளே எந்த முனையில் ஸ்விட்சிங் நடக்கிறது, பாசிட்டிவ் எர்த்தில் ஓட்டத் தயாரிப்பாளர் எழுத்தில் அனுமதிக்கிறாரா. ரிமோட் கண்காணிப்புக்கான டேட்டா கேபிள் வழியாகவும் எர்த் உள்ளே வரும், அதையும் மறக்காதீர்கள்.

லித்தியம் பேட்டரிக்கு மாறிட்டோம். இதோட காற்றாலை சேருமா?

சேரும், ஒரு நிபந்தனையோடு. லித்தியம் பேட்டரிக்குள் பிஎம்எஸ் என்ற காவல்காரன் இருக்கிறான். ஒரு செல் வோல்டேஜ் ஏறினாலோ, வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போனாலோ, அது சார்ஜை ஒரே கணத்தில் துண்டித்துவிடும். குளிரும் பலத்த காற்றும் ஒன்றாக வரும் இடத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று டம்ப் லோடு பற்றிய பதிலைப் படித்தவர்களுக்குப் புரியும். காற்றாலை கட்டவிழ்ந்து ஓடும், ஏறிய வோல்டேஜ் நேரே ரேடியோக்களுக்குப் போகும்.

ஆகவே டம்ப் லோடும் அதன் கன்ட்ரோலரும் பேட்டரியே இல்லாவிட்டாலும் தாமாகக் காற்றாலையைப் பிடித்து நிறுத்தக்கூடியவையாக இருக்க வேண்டும். பிஎம்எஸ் துண்டிக்கும் முன்பே கன்ட்ரோலருக்குச் சேதி போகும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. லெட் ஆசிட் பேட்டரியில் இந்தத் திடீர்த் துண்டிப்பு கிடையாது. அங்கே பிரச்சினை வேறு: காற்று வந்து வந்து போவதால் பேட்டரி பாதி நிரம்பிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்து சல்பேட் படியும். அவ்வப்போது ஜெனரேட்டரை வைத்து முழுமையாக நிரப்பிவிடுங்கள்.

ஜெனரேட்டர் தானா ஸ்டார்ட் ஆகிற கணக்கு குழம்பிப்போகுதே?

வோல்டேஜை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் குழம்பத்தான் செய்யும். காற்று பலமாக அடிக்கும்போது பேட்டரி காலியாக இருந்தாலும் வோல்டேஜ் ஏறித் தெரியும், காற்று நின்றதும் தொபுக்கென்று விழும். பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் மொத்தக் கரன்ட்டையும் ஒரே ஷன்ட் (கரன்ட்டை அளக்க வைக்கும் சிறு ரெசிஸ்டர்) வழியாக அளந்து, எவ்வளவு மீதி இருக்கிறது என்று கணக்கிடும் கன்ட்ரோலர் தேவை. காற்றாலை வயரை ஷன்ட்டின் தவறான பக்கத்தில் இணைத்தால் அதன் பங்கு கணக்கிலேயே வராது. புதிதாகச் சேர்க்கும் சைட்டுகளில் முதலில் சரிபார்க்க வேண்டிய இணைப்பு இது.

கேபிள் எவ்வளவு தடிமன் வேணும்?

48 வோல்ட்டில் 1,000 வாட் என்றால் 21 ஆம்பியர். கம்பத்தின் உயரமும் தரையில் ஓடும் தூரமும் சேர்ந்து 40 மீட்டர் என்று வைத்தால், போக வர 80 மீட்டர் செம்பு. 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 1.8 வோல்ட் விழும், 38 வாட் சூடாகப் போகும். இது ஏற்றுக்கொள்ளலாம். தூரம் 100 மீட்டரைத் தாண்டினால், கூடுதல் வோல்டேஜில் மூன்று ஃபேஸாகக் கொண்டுவந்து பேட்டரி அருகில் 48-க்கு இறக்கும் மாடலைப் பாருங்கள்.

மைக்ரோவேவ் லிங்க்குக்குச் சுத்துற இறக்கை இடைஞ்சலா?

குறுக்கே வந்தால் இடைஞ்சல்தான். 20 கிலோமீட்டர் லிங்க், 7 கிகாஹெர்ட்ஸ் என்றால், டிஷ்ஷிலிருந்து 50 மீட்டர் தூரத்தில் முதல் ஃப்ரெனெல் வளையத்தின் (தடையில்லாமல் வைக்க வேண்டிய சிக்னல் பாதையின்) ஆரம் ஒன்றரை மீட்டர் அளவு. இறக்கை எந்தத் திசையில் திரும்பினாலும் அந்த வளையத்தையும் டிஷ்ஷின் முன்பக்கத்தையும் தொடாதபடி கம்பத்தின் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். டம்ப் லோடு கன்ட்ரோலரின் ஸ்விட்சிங் இரைச்சல் ரேடியோவுக்குள் வருவதும் உண்டு. அதற்கு கேபிளைத் தனிப் பாதையில் கொண்டுபோய், ஃபெரைட் வளையம் போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

இடி விழுந்தா?

காற்றாலைக் கம்பத்துக்குத் தனி எர்த் போட்டு விட்டுவிடுவது பெரிய தவறு. இடி விழும் கணத்தில் இரண்டு எர்த்துகளுக்கு இடையே பெரும் வோல்டேஜ் வித்தியாசம் வந்து, அது கேபிள் வழியாக ரேக்குக்குள் பாயும். கம்பத்தின் எர்த்தையும் ஸ்டே கம்பிகளின் அடிகளையும் சைட்டின் எர்த் வளையத்தோடு தடித்த செம்பால் இணையுங்கள். மூன்று ஃபேஸ் வயர்களுக்கும், ஷெல்டருக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் (திடீரென எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) வேண்டும்.

புயல் வருதுன்னா நாமதான் போய் நிறுத்தணுமா?

ஒழுங்கான இயந்திரம் தானே பார்த்துக்கொள்ளும். வால் மடங்கி இறக்கை காற்றிலிருந்து விலகும், அல்லது இறக்கையின் கோணம் மாறும். பிரேக் ஸ்விட்ச் மூன்று ஃபேஸையும் ஷார்ட் செய்து நிறுத்தும். அதைக் காற்று மெதுவாக இருக்கும்போதே போட வேண்டும். முழு வேகத்தில் போட்டால் ஆல்டர்னேட்டர் சுருள் கருகலாம், சில சமயம் நிற்காமலும் போகலாம். புயல் எச்சரிக்கை வந்தால் முந்தைய நாளே நிறுத்துங்கள். தொலைவிலிருந்து பிரேக் போடும் ரிலே வைத்தால் நல்லது. கம்பத்தைச் சாய்த்து இறக்க முடிந்தால் அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

உயரமான மலைன்னா உற்பத்தி குறையுமா?

குறையும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், உற்பத்தியும் அதற்கேற்பக் கால் பங்கு இறங்கும். கடுங்குளிர் காற்றைச் சற்று அடர்த்தியாக்கி அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். பனிக்கட்டி இறக்கையில் படிந்தால் அது வேறு கதை: சமநிலை குலைந்து அதிரும், உருகும்போது துண்டுகள் தெறிக்கும். நடைபாதையையும் டீசல் டேங்கையும் கம்பத்தின் அடியில் வைக்காதீர்கள்.

பராமரிப்புக்கு வருஷத்துல எத்தனை தடவை போகணும்?

நிறுவிய முதல் மாதத்தில் ஒருமுறை கட்டாயம் போக வேண்டும், ஏனென்றால் புதுப் போல்ட்டுகளும் ஸ்டே கம்பிகளும் அப்போதுதான் படிந்து தளரும். அதன்பின் வருடத்துக்கு ஒன்று, காற்று அதிகமான இடத்தில் இரண்டு. போல்ட் இறுக்கம், ஸ்டே கம்பி இழுவை, பேரிங் சத்தம், ஸ்லிப் ரிங்கின் (திசை திரும்பும் தலையிலிருந்து கம்பத்துக்கு மின்சாரம் கடத்தும் வளையம்) கார்பன் பிரஷ், வாலின் கீல், இறக்கை முன்விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். காற்று விநாடிக்கு 10 மீட்டரில் அடிக்கும்போது இறக்கை நுனி மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும், மணலும் மழையும் அந்த விளிம்பை அரித்துவிடும். காற்று குறைந்த மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கை சுத்துது, ஆனா கரன்ட் வரலையே?

முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். நிரம்பியிருந்து, டம்ப் லோடு சூடாக இருந்தால் எல்லாம் சரியாகவே நடக்கிறது. நிரம்பவில்லை என்றால் காற்றின் வேகத்தைப் பாருங்கள். விநாடிக்கு 3 மீட்டர் அளவில் சுற்றுவதற்கும் சார்ஜ் ஆவதற்கும் தொடர்பில்லை என்று மேலே சொன்னேன்.

காற்று நன்றாக இருந்தும் வரவில்லை என்றால், சுற்றும் விதமே காரணத்தைச் சொல்லும். பலத்த காற்றிலும் கனமாக, மெதுவாகச் சுற்றினால் எங்கோ ஷார்ட்: பிரேக் ஸ்விட்ச் போட்டபடி இருக்கலாம், அல்லது ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரின் டயோடு போயிருக்கலாம். உறுமலும் நடுக்கமுமாகச் சுற்றினால் மூன்றில் ஒரு ஃபேஸ் விட்டுப்போயிருக்கும். வழக்கத்தை விட வேகமாக, சீறிக்கொண்டு சுற்றினால் லோடு முழுக்கத் துண்டித்திருக்கிறது. அந்த நிலையில் கம்பத்தின் அருகே போகாதீர்கள், வயரைத் தொடாதீர்கள். தொலைவில் இருக்கும் பிரேக்கைக் காற்று தணியும் இடைவெளியில் போட்டு, இறக்கை முழுதாக நின்ற பிறகு ஃபியூஸையும் ஸ்லிப் ரிங்கையும் சோதியுங்கள்.